காயை நகர்த்தும் முன்பே: ஒரு தேசிய செஸ் கூட்டமைப்பு எதையெல்லாம் தீர்மானிக்கிறது?

[திரையில் இரண்டு எண்கள் மட்டும்: 132 – 44]

2019 ஜூலை. உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன் படுதோல்வி அடைந்தார். பலகையில் இல்லை. நார்வே செஸ் கூட்டமைப்பின் பொதுக்குழுவில், ஒரு வாக்கெடுப்பில். அவர் ஆதரித்த தீர்மானத்துக்கு 44 ஓட்டு, எதிர்த்து 132 ஓட்டு.

பிரச்சினை பணம்தான். கின்ட்ரெட் என்ற சூதாட்ட நிறுவனம் ஐந்து வருடத்துக்கு 5 கோடி குரோனர் தருவதாகச் சொன்னது. சும்மா இல்லை. நார்வேயில் சூதாட்டத் தொழில் அரசின் ஏகபோகம். அதை எதிர்த்து செஸ் கூட்டமைப்பு குரல் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பணம். வாங்கிக்கொள்ளலாம் என்பது கார்ல்சனின் கட்சி. அதற்காக அவர் செய்த வேலை சுவாரஸ்யமானது. ஆஃபர்ஸ்பில் என்று ஒரு புதுக் கிளப்பைத் தொடங்கி, முதலில் சேரும் ஆயிரம் பேருக்கு உறுப்பினர் கட்டணத்தைத் தானே கட்டுகிறேன் என்று அறிவித்தார். பொதுக்குழுவுக்குப் பிரதிநிதிகளை அனுப்புவது கிளப்புகள். உறுப்பினர் கூடினால் பிரதிநிதிகளும் கூடுவார்கள். கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தார். எதிரணியின் தலைகள் அதைவிட அதிகமாக இருந்தன.

இந்தக் கதையிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. தேசியக் கூட்டமைப்பு என்றால் கோப்பை கொடுக்கும் மேடையில் கோட் போட்டு நிற்கும் நாலு பேர் என்றுதான் பலர் நினைக்கிறோம். உள்ளே போனால், பொதுக்குழு, ஓட்டு, நிர்வாகக் குழு, பொருளாளர், நடுவர் குழு, தேர்வுக் குழு என்று ஒரு சின்ன அரசாங்கமே இருக்கிறது. சிறிய நாடுகளில் இந்தப் பதவிகளில் மூன்றை ஒரே ஆள் சுமப்பதும் உண்டு, அதுவும் சம்பளம் இல்லாமல்.

[திரையில்: உலக வரைபடம், நாடுகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன]

மேலே இருப்பது ஃபிடே. 1924 ஜூலை 20 அன்று பாரிஸில் தொடங்கிய உலகச் சம்மேளனம். ஒரு நாட்டுக்கு ஒரு கூட்டமைப்பைத்தான் அது அங்கீகரிக்கும். ஃபிடேயின் பொதுச்சபையில் ஒரு கூட்டமைப்புக்கு ஒரு ஓட்டு. நூறு கிராண்ட்மாஸ்டர் வைத்திருக்கும் நாட்டுக்கும் ஒன்று, ஒருவரும் இல்லாத தீவுக்கும் ஒன்று. இது நியாயமா என்று கேட்டால் என் பதில் ஆமாம். ரேட்டிங்கை, அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் புள்ளியை, வைத்து ஓட்டு கொடுத்தால் ஏற்கெனவே பெரியவர்கள்தான் எப்போதும் ஆள்வார்கள்.

சரி, கூட்டமைப்பின் கையில் இருக்கும் உண்மையான அதிகாரம் எது? பலர் நிதி என்பார்கள். நான் காலண்டர் என்பேன். எந்தப் போட்டி எப்போது, எந்த ஊரில், அது ஃபிடே ரேட்டிங்குக்குப் பதிவு செய்யப்படுமா என்பது கூட்டமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். அலுவலக வேலை போலத் தெரியும். மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன், பாருங்கள்.

[திரையில்: 2022]

உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிப்பது கேண்டிடேட்ஸ் போட்டி. அதற்குத் தகுதி பெற்றிருந்த ரஷ்யாவின் கர்யாகினுக்கு, உக்ரைன் போரை ஆதரித்துப் பேசியதற்காக ஆறு மாதத் தடை. காலி இடம், ரேட்டிங் பட்டியலில் மேலே இருப்பவருக்கு. அது சீனாவின் டிங் லிரெனுக்குப் போக வேண்டும், ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில் அவர் வெளிநாட்டில் ஆடவே இல்லை. தேவையான 30 ஆட்டங்கள் கணக்கில் இல்லை. சீனக் கூட்டமைப்பு என்ன செய்தது? உள்நாட்டிலேயே அடுத்தடுத்துப் போட்டிகளை நடத்தியது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் டிங் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடி எண்ணிக்கையை நிரப்பினார். கேண்டிடேட்ஸுக்குப் போய் இரண்டாவது வந்தார். சாம்பியன் கார்ல்சன் பட்டத்தைக் காக்க மறுத்ததால், அந்த இரண்டாம் இடமே டிங்கை 2023 உலகப் பட்டப் போட்டியில் உட்கார வைத்தது. ஜெயித்தார்.

விதி மீறப்பட்டதா? இல்லை. ஒரு கூட்டமைப்பு தன் ஆட்டக்காரருக்காக அவசரமாகப் போட்டி நடத்தக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அடுத்து, 2023 டிசம்பர். அதே ரேட்டிங் இடம், இந்த முறை பிரான்சின் ஃபிரூஜா. அவர் ரேட்டிங்கை உயர்த்திக்கொள்ள, ஷார்ட்ர் நகரில் அவசரமாகச் சில நேரடி மோதல்கள் ஏற்பாடாயின. எதிரிகள், வயதில் மூத்த மூன்று கிராண்ட்மாஸ்டர்கள். செஸ் உலகம் முகம் சுளித்தது, ஃபிடேயும் கேள்வி எழுப்பியது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுலபமான ஏற்பாட்டிலும் ஃபிரூஜாவால் எல்லா ஆட்டத்தையும் வெல்ல முடியவில்லை. பிறகு ரூவான் நகரில் நடந்த சாதாரண ஓப்பன் போட்டிக்குப் போய், ஏழுக்கு ஏழு எடுத்து, அந்த இடத்துக்குப் போட்டியாக இருந்த வெஸ்லி சோவை ரேட்டிங்கில் முந்தினார்.

மூன்றாவது நகமுரா, 2025. இப்போது தேவை 40 ஆட்டங்கள். உலகின் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தவர், அமெரிக்காவில் லூசியானா மாநிலச் சாம்பியன்ஷிப், அயோவா ஓப்பன் என்று அமெச்சூர்களோடு போய் உட்கார்ந்தார். அந்த அமெச்சூர்களுக்கு வாழ்நாள் கதை கிடைத்தது, அவருக்கு எண்ணிக்கை கிடைத்தது. கூடவே கொஞ்சம் புள்ளியும். அன்றைய விதிப்படி இருவரின் ரேட்டிங் வித்தியாசம் 400க்கு மேல் போனாலும் 400 என்றே கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு வெற்றிக்கும் அவருக்கு 0.8 புள்ளி. 2025 அக்டோபர் முதல், 2650க்கு மேல் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகையை ஃபிடே எடுத்துவிட்டது.

கவனித்தீர்களா? மூன்று முறையும் ஒருவர் ஓட்டையைக் காட்டிய பிறகுதான் பேச்சே வந்தது. யாருக்கு லாபம் என்று தெரிந்த பிறகு பேசினால், எந்தப் பேச்சும் ஒருவருக்குச் சாதகமாகவோ பாதகமாகவோதான் படும். விதியை எழுத நல்ல நேரம், அதனால் யாருக்கு நன்மை என்று யாருக்குமே தெரியாத நேரம்.

[திரையில்: 64 புள்ளிகள், கோடுகளால் இணைகின்றன]

இப்போது போட்டி அரங்குக்குள் போவோம். 64 பேர் வந்திருக்கிறார்கள். எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டுமென்றால் 63 சுற்று, 2016 ஆட்டம். இரண்டு மாதம் லீவு போட யாரால் முடியும்? நாக்-அவுட் வைத்தால் முதல் நாளே 32 பேர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு விடை 1895இல் சூரிச்சில் கிடைத்தது. யூலியுஸ் முல்லர் என்பவர் அங்கே நடந்த போட்டியில் பயன்படுத்தியதுதான் இன்று சுவிஸ் முறை. யாரும் வெளியேற வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் அளவே புள்ளி எடுத்தவரோடு மோதுவீர்கள். முதல் சுற்றில் எல்லாருக்கும் பூஜ்யம், அதனால் ரேட்டிங் வரிசையைப் பாதியாக வெட்டி முதலாமவருக்கு 33ஆமவர், இரண்டாமவருக்கு 34ஆமவர் என்று பேரிங், அதாவது ஜோடி, போடுவார்கள். ஜெயித்தவர்கள் ஜெயித்தவர்களோடு, தோற்றவர்கள் தோற்றவர்களோடு. டிரா எதுவும் விழாவிட்டால் ஆறே சுற்றில், முழுப் புள்ளியோடு நிற்பவர் ஒருவர்தான்.

கேட்க எளிது. மேலே இன்னும் நிபந்தனைகள் ஏறும். ஒரே இருவர் இரண்டாம் முறை மோதக் கூடாது. ஒருவருக்கு ஒரே நிறம் தொடர்ந்து மூன்று முறை வரக் கூடாது, வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் இரண்டைத் தாண்டக் கூடாது. கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்பவர்களுக்கு மட்டும் இதில் கொஞ்சம் தளர்வு. ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஒருவருக்கு எதிரி இல்லாமலே ஒரு புள்ளி, அதன் பெயர் பை. பேரிங்கில் அது ஒருவருக்கு இருமுறை விழாது. முன்பு இதையெல்லாம் ஆளுக்கொரு அட்டை எழுதி, மேசையில் பரப்பி, நடுவர்கள் கையால் போட்டார்கள். சுற்றுக்குச் சுற்று தலைவலி. இப்போது கணினி நொடியில் போடுகிறது. ஆனாலும் பேரிங் ஒட்டியதும் “எனக்கு ஏன் மறுபடியும் கறுப்பு?” என்று நடுவர் மேசைக்கு ஒருவர் வராத போட்டியே கிடையாது. அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல நடுவரிடம் பதில் இருக்கும், ஏனென்றால் அவர் விருப்பப்படி எதையும் மாற்றவில்லை.

சுவிஸில் ஒரு தந்திரமும் உண்டு, பெயர் சுவிஸ் கேம்பிட். ஆரம்பத்தில் அரைப் புள்ளியை விட்டுக்கொடுத்துவிட்டு, கீழே உள்ள சுலபமான எதிரிகளை வரிசையாக வென்று கடைசியில் மேலே ஏறுவது. பாதிக் கிண்டலாகச் சொல்லும் பெயர்தான், ஆனால் அதற்கும் ஒரு தண்டனை காத்திருக்கிறது: டை-பிரேக்.

[திரையில்: இரண்டு பெயர்கள், ஒரே புள்ளி]

இருவர் சமமாக முடித்தால் யார் முதல்? பெரும்பாலும் எடுக்கும் முதல் ஆயுதம் புக்ஹோல்ஸ். உங்கள் எதிரிகள் அனைவரும் எடுத்த புள்ளிகளைக் கூட்டுங்கள். கடினமான எதிரிகளைச் சந்தித்தவருக்குத் தொகை பெரிதாக வரும். கேம்பிட் போட்டவருக்குச் சின்னதாக வரும். இதில் ஒரு கொடுமை உண்டு. உங்கள் ஆட்டம் முடிந்து நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டாம் சுற்றில் உங்களிடம் தோற்றவர் முப்பதாவது பலகையில் இன்னும் ஆடிக்கொண்டிருப்பார். அவர் வென்றால் நீங்கள் முதல், தோற்றால் இரண்டாவது. அவருக்கே அது தெரியாது. மோசமாக ஆடிய ஒரே ஒரு எதிரி உங்கள் கணக்கைக் கெடுக்காமலிருக்க, மிகக் குறைந்த தொகையை வெட்டிவிட்டுக் கூட்டும் முறையும் இருக்கிறது.

இன்னொன்று சோன்போர்ன்-பெர்கர்: நீங்கள் வென்றவர்களின் புள்ளி முழுதாக, டிரா செய்தவர்களின் புள்ளி பாதியாக. அதிக வெற்றி பெற்றவர் மேலே என்பதும் ஒரு முறை. எது சரி என்று கணிதம் சொல்லாது. எதை எந்த வரிசையில் பயன்படுத்துவோம் என்பதைப் போட்டி அறிவிக்கையில், அதாவது ஆட்டக்காரர்கள் புரோஸ்பெக்டஸ் என்று சொல்லும் தாளில், முதலிலேயே போட்டுவிட வேண்டும்.

2013 லண்டன் கேண்டிடேட்ஸ் இதற்கு அழகான சாட்சி. கடைசிச் சுற்றுக்கு முன் கார்ல்சனும் கிராம்னிக்கும் சமம். கார்ல்சன் ஸ்விட்லரிடம் தோற்றார். கிராம்னிக்கோ இவான்சுக்கிடம் தோற்றார்! இருவரும் 8.5. நேரடி மோதலிலும் சமம். அடுத்து எழுதியிருந்தது வெற்றி எண்ணிக்கை: கார்ல்சனுக்கு ஐந்து, கிராம்னிக்குக்கு நான்கு. அவ்வளவுதான். அந்த ஒரு வெற்றி கார்ல்சனை ஆனந்துக்கு எதிரே உட்கார வைத்தது, அதே வருடம் அவர் உலக சாம்பியன். கிராம்னிக்கின் மனது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கலாம். ஆனால் விதியை நடுவில் யாரோ மாற்றினார்கள் என்று அவரால் சொல்ல முடியாது.

[திரையில்: நியூயார்க், 2024 டிசம்பர்]

பதினோரு வருடம் கழித்து, அதே கார்ல்சன், நேர் எதிரான காட்சி. குறைந்த நேரத்தில் ஆடும் உலக ரேபிட் சாம்பியன்ஷிப்புக்கு ஜீன்ஸ் அணிந்து வந்தார். உடை விதிப்படி அது கூடாது. 200 டாலர் அபராதம். மாற்றிவிட்டு வரச் சொன்னார்கள், அன்றே மாற்ற மாட்டேன் என்றார். ஒன்பதாவது சுற்றில் அவருக்குப் பேரிங் போடவில்லை. கோபத்தில் விலகினார். இதுவரை நடுவர்கள் செய்தது எழுதியபடிதான். பிறகு ஃபிடே உடை விதியைத் தளர்த்தியது, அவர் திரும்பி வந்து, அதைவிட வேகமான பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஆடினார். டிசம்பர் 31, இறுதியில் நெபோம்னியாச்சியோடு 3.5 – 3.5. பட்டத்தைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று இருவரும் கேட்டார்கள். ஃபிடே சரி என்றது. ஒரே உலகப் பட்டத்துக்கு இரண்டு சாம்பியன்கள்.

ஜீன்ஸ் தடை அசட்டு விதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அசட்டு விதியைப் போட்டி முடிந்ததும் தூக்கியிருக்கலாம். நடுவில் தூக்கியதால், கார்ல்சன் இடத்தில் ரேட்டிங் 2100 உள்ள ஒருவர் இருந்திருந்தால் இதே தளர்வு கிடைத்திருக்குமா என்று எல்லாரும் கேட்டார்கள். பகிர்ந்த பட்டமும் அப்படியே. அரங்கில் இருந்தவர்களுக்கு வெற்றியாளர் வேண்டும், விதி தொடர்ந்து ஆடச் சொன்னது.

உள்ளூர் அளவில் இதே சிக்கல் சின்னச் சின்ன வரிகளில் ஒளிந்திருக்கும். எத்தனை நிமிடம் தாமதமாக வந்தால் ஆட்டம் போய்விடும் என்று அமைப்பாளர் முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். மறந்துவிட்டால், செஸ் விதிகளின்படி அது பூஜ்யம். மூன்று நிமிடம் தாமதமாக மூச்சிரைக்க ஓடி வரும் சிறுவன், நடுவர் இரக்கப்படாவிட்டால், ஒரு காயைக்கூடத் தொடாமல் தோற்றுப் போவான், யாரோ ஒரு வரியை டைப் செய்ய மறந்ததால். மொபைல் விஷயமும் அதுபோலத்தான். 2003 ஐரோப்பிய அணிகள் போட்டியில் அப்போதைய ஃபிடே சாம்பியன் பொனோமரியோவின் போன் அடித்தது, ஆட்டம் போனது. சாம்பியன் என்று பார்க்கவில்லை.

தேர்வுக் குழுவைப் பற்றிச் சுருக்கமாக. நாடுகள் அணிகளாக மோதும் ஒலிம்பியாடுக்கு ஐந்து பேரை அனுப்ப வேண்டும், நான்கு பேர் ஆடுவார்கள், ஒருவர் மாற்று. நான்கு இடம் ரேட்டிங்கால் சுலபமாக நிரம்பும். ஐந்தாவதுதான் நாட்டையே இரண்டாக்கும். தேசிய சாம்பியனா, ரேட்டிங்கில் ஐந்தாவதா, வளர்ந்து வரும் பதினைந்து வயதா? எந்த அளவுகோலாக இருந்தாலும், எந்த மாதத்து ரேட்டிங் பட்டியல் என்பதுவரை வருட ஆரம்பத்தில் அறிவித்துவிட்டால், விடுபட்டவருக்கு வருத்தம் மட்டும் மிஞ்சும். அறிவிக்காமல் விட்டால் வழக்கும் வரும்.

[திரையில்: மறுபடியும் 132 – 44]

அந்த நார்வே ஓட்டெடுப்புக்குத் திரும்புவோம். கார்ல்சன் தோற்றார், பணம் வரவில்லை. ஆனால் ஓட்டுக்காகத் தொடங்கிய ஆஃபர்ஸ்பில் கிளப்பை அவர் இழுத்து மூடவில்லை. 2022 ஐரோப்பிய கிளப் கோப்பையில் அவர் ஆடியது அந்தக் கிளப்புக்காகத்தான்.