கட்டபொம்மன் – ஜாக்சன் சந்திப்பு: திரையிலும் வரலாற்றிலும்

வணக்கம். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் கட்டபொம்மன் ஜாக்சன் துரையின் முகத்துக்கு நேரே வரி கொடுக்க மறுத்துப் பேசுவது உண்மையாக நடந்ததா, அவரை எட்டப்பன்தான் பிடித்துக் கொடுத்தாரா என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

சந்திப்பு நடந்தது உண்மை. வசனம் மேடைக்காக எழுதப்பட்டது. சிவாஜி கணேசனின் நாடக மன்றம் 1957இல் அரங்கேற்றிய நாடகத்துக்குச் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய உரையாடலே, பி. ஆர். பந்துலு 1959இல் அதை வண்ணப்படமாக எடுத்தபோது திரைக்கும் வந்தது. ஜாக்சனாக நடித்த சி. ஆர். பார்த்திபனையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் அத்தனை நிமிர்ந்த அலட்சியத்தோடு எதிரே இருந்திராவிட்டால், சிவாஜியின் சீற்றம் வெறும் முழக்கமாகிப் போயிருக்கும்.

ஆனால், 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நடந்தது அந்த வசனத்தைவிடக் கனமானது என்றே நான் கருதுகிறேன். கடனில் மூழ்கிய ஆர்க்காட்டு நவாப், பாளையக்காரர்களிடம் திறை வசூலிக்கும் உரிமையை 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கும்பினியிடம், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம், விட்டுக்கொடுத்திருந்தார். 1798 மே மாத இறுதியில் கட்டபொம்மன் பெயரில் 3310 வராகன் பாக்கி இருந்தது. நேரில் வரும்படி கட்டளையிட்ட கலெக்டர் ஜாக்சன், குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சந்திக்க மறுத்து, அவரை இராமநாதபுரம் வரை அலையவிட்டார். அங்கே கணக்கைப் பார்த்தபோது பெரும்பகுதி செலுத்தப்பட்டு 1080 வராகன் மட்டுமே நின்றது. அப்படியிருந்தும் அவரை உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்தே விசாரித்தார்கள், கைதுசெய்யவும் முயன்றார்கள். அப்போது மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையின் துணையோடு தப்பினார், அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

பின்னர் விசாரித்த குழு ஜாக்சன் நடந்துகொண்ட முறையைக் கண்டித்தது. அவர் பதவியை இழந்தார், பிள்ளையும் விடுவிக்கப்பட்டார். கும்பினியே தன் அதிகாரி மீது தவறு கண்ட வழக்கு இது. படம் கட்டபொம்மனை வரியே கொடாதவராகக் காட்டுவதைவிட, கணக்கை நேர்செய்ய வந்தவரை இப்படி அவமதித்தார்கள் என்று காட்டியிருந்தால் நியாயம் இன்னும் ஓங்கி அவர் பக்கம் நின்றிருக்கும். விடுதலை பெற்றுப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலத்தில், ‘கொடுக்க மாட்டேன்’ என்ற குரலைக் கேட்கவே திரையரங்குகள் காத்திருந்தன. அந்த வகையில் பந்துலுவின் தேர்வு எனக்குப் புரிகிறது.

அடுத்து எட்டயபுரம் பாளையக்காரர் எட்டப்பன். எட்டயபுரத்துக்கும் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு முன்பிருந்தே இருந்தது. 1799இல் எட்டயபுரம் கும்பினியின் பக்கம் நின்றதும் உண்மைதான். ஆனால் கோட்டையைவிட்டு வெளியேறிய கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில். அவரைப் பிடித்து ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். 1799 அக்டோபர் 16 அன்று மேஜர் பானர்மேன் மற்ற பாளையக்காரர்களையும் கயத்தாற்றில் கூட்டிவைத்து, அவர்கள் கண்முன்னே தூக்கிலிடச் செய்தார். ஆகவே, பிடித்துக் கொடுத்த பழியை எட்டயபுரத்தின் மீது மட்டும் சுமத்துவதற்கு வரலாறு இடம் தரவில்லை.