ஏழு ஆண்டுக்குப் பிறகு தங்கள் மைதானத்தில்

நேயர்களுக்கு வணக்கம்.

தென்கிழக்கு லண்டனில் சார்ல்டன் அத்லெட்டிக் என்று ஒரு கால்பந்து கிளப். அதன் பழைய ரசிகர்களிடம் 1992 டிசம்பர் 5 என்று தேதியை மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். சனிக்கிழமை. எதிரணி போர்ட்ஸ்மத். ஏழாவது நிமிடத்தில் காலின் வால்ஷ் ஒரு கோல் போட்டார். அதன்பின் கோலே இல்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் முடிந்தது. பார்த்தவர்கள் 8,337 பேர்.

கணக்கில் பார்த்தால் அது இரண்டாம் நிலை லீகில் நடந்த ஒரு சாதாரண ஆட்டம். இதே கிளப் 1998-ல் வெம்ப்ளியில் சண்டர்லாந்துடன் நான்குக்கு நான்கு ஆடி, பெனால்டியில் ஏழுக்கு ஆறு என்று வென்று பிரீமியர் லீகுக்குப் போயிருக்கிறது. ஆனாலும் பழைய ரசிகர்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்வது அந்த டிசம்பர் 5-ஐத்தான். ஏனென்றால் அன்றுதான் கிளப் தன் சொந்த மைதானத்துக்குத் திரும்பியது. மைதானத்தின் பெயர் வேலி. நம் ஊர் முள்வேலி இல்லை, ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் Valley. இடையில் ஏழு ஆண்டு போயிருந்தது.

அந்த மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது முன்பு மணல் தோண்டிய பள்ளம். 1919-ல் ரசிகர்களும் தொண்டர்களும் மண்வெட்டியோடு இறங்கிப் பள்ளத்தைச் சமப்படுத்தினார்கள். வெட்டிய மண்ணைச் சுற்றிலும் மேடாக ஏற்றி, அதன்மேல் நின்றுதான் ஆட்டம் பார்த்தார்கள். 1938-ல் ஆஸ்டன் வில்லாவுடன் நடந்த கோப்பை ஆட்டத்துக்கு அங்கே 75,031 பேர் கூடினார்கள். 1957 டிசம்பரில் ஹடர்ஸ்ஃபீல்டுடன் ஓர் ஆட்டம். சார்ல்டன் பத்து பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம்கூட மீதி இல்லை, ஐந்துக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தது. ஜானி சம்மர்ஸ் என்பவர் மட்டும் ஐந்து கோல் போட, ஏழுக்கு ஆறு என்று வென்றார்கள். அந்த மண்மேட்டில் நின்று இதைப் பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் சொல்ல, அந்தப் பிள்ளைகள்தான் பின்னால் மைதானத்துக்காகத் தெருவில் இறங்கினார்கள்.

சரி, இப்படிப்பட்ட மைதானம் எப்படிக் கைவிட்டுப் போனது? நான் எங்கே பேசினாலும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கிளப் வேறு, மைதானம் வேறு. இரண்டும் ஒரே பெயரில் பதிவாகியிருக்கும் வரை கவலை இல்லை. தனித்தனிப் பெயருக்குப் போன நாளிலிருந்து கிளப் வெறும் குடக்கூலிக்காரன். 1984-ல் சார்ல்டன் கடனில் மூழ்கி, நீதிமன்றத்தில் இழுத்து மூடப்படும் நிலைக்கு வந்தது. கடைசி நேரத்தில் புதியவர்கள் கிளப்பை வாங்கிக் காப்பாற்றினார்கள். கிளப்பை மட்டும். நிலம் முன்னாள் தலைவரிடமே நின்றுவிட்டது. வேறு வழி இல்லாமல் செய்த ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் பின்னால் வந்த தொல்லை எல்லாவற்றுக்கும் விதை அந்தக் கையெழுத்தில்தான் விழுந்தது.

1985 மே 11-ஆம் தேதி பிராட்ஃபர்டில் மரத்தாலான பார்வையாளர் கூடம் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இங்கிலாந்து முழுவதும் மைதானங்களைக் கறாராகச் சோதித்தார்கள். வேலியின் கிழக்குப் பக்கத்தில் இருந்த பிரம்மாண்டமான படிக்கட்டுகளை, அதாவது ரசிகர்கள் நின்று பார்க்கும் பகுதியை, மூடச் சொல்லிவிட்டார்கள். காங்கிரீட் பொரிந்து போயிருந்தது. அதே சமயத்தில் மேற்குக் கூடத்துக்குப் பின்னால் உள்ள நிலத்தை நில உரிமையாளர் திரும்பக் கேட்டார். கிழக்கே பூட்டு, மேற்கே வேலை செய்ய இடம் இல்லை. கிளப் நிர்வாகம் பெட்டியைக் கட்டியது.

இதை ரசிகர்களுக்கு எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? 1985 செப்டம்பர் 7, கிரிஸ்டல் பேலஸுடன் ஆட்டம். வாசலில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் ஸ்டோக் சிட்டியுடன் ஆடப்போவதே இங்கே கடைசி ஆட்டம், அதன்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குப் போகிறோம் என்று அதில் இருந்தது. செல்ஹர்ஸ்ட் பார்க் யாருடையது? அன்று எதிரே ஆடிய அதே கிரிஸ்டல் பேலஸுடையது.

வரைபடத்தில் அது ஏழு மைல்தான். ஆனால் தெற்கு லண்டனில் ரயில் பாதைகள் பெரும்பாலும் நகரின் நடுவை நோக்கித்தான் போகும். குறுக்கே போக வேண்டுமானால் உள்ளே போய், வண்டி மாறி, மறுபடி வெளியே வர வேண்டும். வீட்டிலிருந்து நடந்து வந்து ஆட்டம் பார்த்தவருக்கு அது பாதி நாள் வேலையாகிவிட்டது. அங்கே காலடி வைப்பதே இல்லை என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அணி அப்போதுதான் நன்றாக ஆடியது. 1986-ல், அப்போது உச்ச லீகாக இருந்த முதல் டிவிஷனுக்கு ஏறி நான்கு சீசன் அங்கே தாக்குப்பிடித்தது. அந்த நான்கு சீசனில் ஓர் ஆட்டம்கூட வேலியில் இல்லை.

1989 மார்ச்சில் உல்லிச் நகர மண்டபத்தில் ஒரு கூட்டம். அதற்குள் நிர்வாகம் மாறியிருந்தது, நிலமும் கிளப்பும் மறுபடி ஒரே கைக்கு வந்திருந்தன. திரும்பிப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே ரசிகர்கள் கையுறை, அரிவாள், ரம்பம் எல்லாம் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார்கள். ஆளில்லாத படிக்கட்டில் என்ன நடக்கும் என்றால், முதலில் காங்கிரீட் இணைப்புகளில் விதை விழும். வேர் இறங்கி விரிசலை அகலமாக்கும். விரிசலில் தண்ணீர் தங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது காங்கிரீட்டைப் பிளந்துவிடும். ஆகவே செடியை வெட்டுவது முதல் படிதான், அதற்குக் கீழே என்ன சேதம் என்பது வெட்டிய பிறகுதான் தெரியும். வெட்டிய புதரை எல்லாம் ஆடுகளத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். அந்தத் தீயை நினைவில் வைத்திருக்கும் ரசிகர்கள் நிறையப் பேர்.

ஆனால் அரிவாளால் ஆகிற வேலை அத்தோடு முடிந்தது. அடுத்தது கட்டட அனுமதி. மைதானம் குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவில் இருக்கிறது. கூட்டம் வரும், கார் நிறுத்த இடம் இருக்காது என்று இப்படிப்பட்ட மைதானங்களுக்கு எப்போதும் எதிர்ப்பு உண்டு. 1990 ஜனவரி 31 அன்று, அந்தப் பகுதியின் உள்ளாட்சியான கிரீனிச் கவுன்சிலின் திட்டக் குழு விண்ணப்பத்தை நிராகரித்தது. பத்துக்கு இரண்டு வாக்கு.

மே மாதம் கவுன்சில் தேர்தல். ரசிகர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். நாமே ஒரு கட்சி ஆரம்பித்தால் என்ன? வேலி கட்சி. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் செய்த வேலை சிரிப்பு வேலை இல்லை.

அந்த நாட்டு உள்ளாட்சித் தேர்தலில் வைப்புத்தொகை கிடையாது. பணம் இல்லாதவரும் நிற்கலாம். ஆனால் அன்றைய விதிப்படி ஒவ்வொரு வேட்பாளரையும் அந்தந்த வட்டாரத்து வாக்காளர் பத்து பேர் கையெழுத்துப் போட்டு முன்மொழிய வேண்டியிருந்தது. வேட்பாளருக்கு அந்தப் பகுதியோடு தொடர்பு இருக்க வேண்டும், அங்கே குடியிருப்பது, வேலை பார்ப்பது போல. கையெழுத்துப் போட்டவரின் வாக்காளர் எண் மாறினால் மனு செல்லாமல் போகலாம். இவர்கள் நிறுத்தியது 60 பேரை. ஒருவருக்குப் பத்து வீதம் 600 கையெழுத்து. கால்பந்து பார்க்க வந்தவர்கள் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். விளம்பரத் துறையில் வேலை பார்த்த ரசிகர் ஒருவர் சுவரொட்டிகளைத் தயாரித்தார். கவுன்சிலையும் குரோய்டனுக்கு அனுப்பிப் பார்ப்போம், அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று தெரியட்டும் என்பது போல அவற்றில் ஒரு நையாண்டி. செல்ஹர்ஸ்ட் பார்க் குரோய்டனில்தான் இருக்கிறது.

மே 3-ஆம் தேதி தேர்தல் நடந்தது. வேலி கட்சிக்கு 14,838 வாக்குகள். நூற்றுக்கு 10.9. ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதிக வாக்கு வாங்கியவரே வென்றவர் என்ற முறையில், பகுதி முழுக்கப் பரவலாக விழும் பதினோரு சதவீதத்துக்கு இடம் கிடைக்காது. ஆனால் அவர்களுக்கு இடம் தேவையும் இல்லை. திட்டக் குழுவின் தலைவர் தன் இடத்தை இழந்தார். ஒரே கோரிக்கைக்காகப் பத்தில் ஒருவர் வாக்களித்திருக்கிறார் என்பது மீதி இருந்த கவுன்சிலர்கள் அத்தனை பேருக்கும் புரிந்தது. 1991 ஏப்ரலில் அனுமதி வந்தது. கோஷம் போட்டதால் வரவில்லை. வாக்காக எண்ணிக் காட்டியதால் வந்தது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இன்னும் ஒருமுறைகூடச் சொல்வேன்.

அனுமதி வந்ததும் கதை முடிந்ததா? இல்லை. காசு. அந்த ஆகஸ்டிலேயே திரும்பிவிடலாம் என்று செல்ஹர்ஸ்டைக் காலி செய்தார்கள். கட்டட வேலை பாதியில் பணமில்லாமல் நின்றது. மறுபடி வாடகை. இந்த முறை வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க், தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ரசிகர்களிடமிருந்தே பணம் திரட்ட ஒரு முதலீட்டுத் திட்டம் போட்டார்கள். சீசன் டிக்கெட்டில் சலுகை, நிர்வாகக் குழுவுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்று பதிலுக்குச் சிலவற்றைக் கொடுத்தார்கள். பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதுவும் போதவில்லை. 1992 செப்டம்பரில் ராபர்ட் லீ என்ற முக்கியமான ஆட்டக்காரரை நியூகாசிலுக்கு 7 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். நல்ல வீரரை விற்றால் வழக்கமாக ரசிகர்கள் வசைபாடுவார்கள். இந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்ததால், அன்று முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆகவே டிசம்பர் 5-ஆம் தேதி அவர்கள் திரும்பியது பளபளக்கும் மைதானத்துக்கு அல்ல. மேற்கில் தற்காலிகக் கூடம். ஆட்டக்காரர்கள் உடை மாற்றியது சரக்குப் பெட்டி போன்ற தகர அறைகளில். கிழக்குப் படிக்கட்டு அப்போதும் பூட்டித்தான் கிடந்தது. அதனால்தான் 75,000 பேர் நின்ற இடத்தில் 8,337 பேர்.

இந்த எண்ணிக்கையை யார் முடிவு செய்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன், பலரும் இதைக் கவனிப்பதில்லை. மைதானத்துக்கு உள்ளாட்சி கொடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ்தான். நாற்காலியை எண்ணிக் கொடுப்பதில்லை. எத்தனை பேர் உள்ளே வர முடியும், எத்தனை பேர் பத்திரமாக இருக்க முடியும், எத்தனை பேர் வெளியேற முடியும் என்று தனித்தனியே கணக்கிட்டு, எது மிகச் சிறியதோ அதுதான் அனுமதி. இன்றைய விதிப்படி ஒரு சுழல் வாயிலுக்கு மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது. பன்னிரண்டு வாயில் இருந்தால் 7,920 பேர். உள்ளே இருபதாயிரம் நாற்காலி போட்டாலும் 7,920 பேர்தான். வெளியேறும் நேரம் எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வாசல் குறுகலாக இருந்தால் அங்கேயும் எண்ணிக்கை விழும். திரும்பி வரும் கிளப்புகள் முதல் நாளில் டிக்கெட் கொடுக்க முடியாமல் திணறுவது பெரும்பாலும் இந்தக் கணக்கால்தான். வேலியில் 1994-ல் புதிய கிழக்குக் கூடம் வந்தது. பின்னால் வடக்கும் மேற்கும் பெரிதாகி, இப்போது 27,000 பேர் அமரலாம்.

ஒரு செய்தியை விட்டுவிடக் கூடாது. 2020-ல் சார்ல்டன் கைமாறியபோது மைதானம் முந்தைய உரிமையாளரிடமே நின்றது. கிளப் மறுபடி குத்தகைக்காரன். இத்தனையும் பட்ட பிறகு!

நேரம் நெருங்குகிறது என்று சைகை வருகிறது. கவென்ட்ரி பற்றியும் விம்பிள்டன் பற்றியும் விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். கவென்ட்ரி சிட்டி வாடகைத் தகராறில் 2013-ல் நார்தாம்ப்டனுக்குப் போனது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் டிக்கெட் வாங்க மறுத்து, மைதானத்துக்கு வெளியே ஒரு மேட்டில் ஏறி நின்று பார்த்தார்கள். 2014 செப்டம்பர் 5 அன்று திரும்பிய ஆட்டத்துக்கு 27,306 பேர் வந்தார்கள். விம்பிள்டன் கதை அதற்கு நேர்மாறு. ரசிகர்களே உருவாக்கிய ஏஎஃப்சி விம்பிள்டன், பழைய மைதானம் இருந்த பிளவ் லேனுக்கு 2020 நவம்பரில் திரும்பியது. கடன் பத்திரம் போட்டு ரசிகர்கள் பணம் திரட்டிக் கட்டிய மைதானம். கொரோனா கட்டுப்பாடு. முதல் ஆட்டத்துக்கு ஒரு ரசிகரையும் உள்ளே விடவில்லை.

கடைசியாக, இங்கிலாந்தில் கிளப்பைப் பின்தொடர்பவர்களுக்கு ஒரு தகவல். 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மைதானத்தைச் சமூகச் சொத்தாகப் பதிவு செய்யும்படி ரசிகர் சங்கம் கவுன்சிலில் விண்ணப்பிக்கலாம். பதிவாகிவிட்டால், உரிமையாளர் விற்க முனையும்போது வாங்க விரும்புகிறோம் என்று சொல்ல ஆறு வாரம். சொல்லிவிட்டால் பணம் திரட்ட ஆறு மாதம் வரை விற்பனை நிற்கும். ஆனால் உங்களுக்கே விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பதிவும் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும், காலாவதியாகும் முன் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நேரம் முடிந்தது. வணக்கம்.