கச்சி மாநகரும் அதன் கல்லெழுத்துகளும்

(வரலாற்று ஆர்வலர் கூட்டமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்பு வாழ்த்துரை வழங்கி, நான் சொல்லவிருந்ததில் பாதியை என்னைவிட அழகாகச் சொல்லி முடித்துவிட்ட கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, மாணவர்களுக்கு நூல்களைப் பரிசாக அளித்த பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஐயா அவர்களே, பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து ஆண்டுதோறும் இந்த விழாவை நடத்திவரும் செயலாளர் அவர்களே, வெயிலையும் பொருட்படுத்தாமல் திரண்டு வந்திருக்கும் காஞ்சிப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வருவதாக இசைந்து, கடைசி நேரத்தில் அலுவல் காரணமாக வர இயலாமற்போன கோட்டாட்சியர் அவர்களுக்கும், அவர் அனுப்பியுள்ள வாழ்த்துச் செய்திக்கும் பேரவையின் சார்பில் நன்றி சொல்லும்படி செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். அந்தக் கடமையையும் இத்துடன் நிறைவேற்றிவிடுகிறேன்.

பேரரசுகளும் சமயங்களும் மாறிய காலங்களில் கச்சி எனப்பட்ட இந்தக் காஞ்சித் தலைநகரம் எவ்வாறு நிலைத்தது என்பதே எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதை மூன்று கூறுகளாகப் பேசலாம் என்று எண்ணுகிறேன். முதலாவது, இங்கே அரசுகள் மாறிய விதம். இரண்டாவது, சமயங்கள் இந்த ஊரைப் பங்கிட்டுக்கொண்ட விதம். மூன்றாவது, அரசன் இல்லாத காலத்திலும் ஊருக்குச் சோறு போட்ட தறி. என் பேச்சை முன்பே கேட்டவர்கள் ஒரு பழமொழியை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். அவர்களை ஏமாற்ற விரும்பவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். காஞ்சியைப் பற்றி யார் என்ன எழுதினாலும், எனக்கு இந்தப் பழமொழிக்கு எழுதிய உரையாகத்தான் அது படுகிறது.

பெரும்பாணாற்றுப்படையில் தொண்டைமான் இளந்திரையனின் ஊராகக் கச்சி வருகிறது. நான்காம் நூற்றாண்டில் தெற்கு நோக்கிப் படையெடுத்த சமுத்திரகுப்தன், தான் வென்றவர்களின் பட்டியலில் காஞ்சியின் விஷ்ணுகோபன் பெயரைச் சேர்த்து அலகாபாத் தூணில் பொறித்திருக்கிறான். தோற்றவன் பெயரைச் சொன்னால்தான் வென்றவனுக்குப் பெருமை என்ற நிலையில் அன்றே இந்த ஊர் இருந்தது. கல்விக்கும் அதே மதிப்பு. கர்நாடகத்துத் தாளகுந்தாக் கல்வெட்டு கூறும் செய்தி இது: மயூரசர்மன் என்ற அந்தண இளைஞன் தன் ஆசிரியருடன் காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்தான், பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு சச்சரவு ஏற்பட்டு அவமானப்பட்டான், தருப்பை பிடித்த கையில் வாளைப் பிடித்தான், கடைசியில் கதம்ப அரசையே நிறுவிவிட்டான். கடிகை என்பது வடமொழி உயர்கல்வி நிலையம். அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது மீண்டும் தேவைப்படும்.

ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் வந்தபோது காஞ்சி பல்லவர்களின் உச்சக் காலத்தில் இருந்தது. இந்நாட்டில் நூறு அளவிலான சங்காராமங்கள் எனும் பௌத்த மடங்களும், பதினாயிரம் பிக்குகளும், எண்பது அளவிலான தேவ கோயில்களும், சமணத் துறவியர் பலரும் இருந்ததாக அவர் குறித்திருக்கிறார். நாலந்தாவில் புகழ்பெற்ற தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பதும் அவர் தரும் செய்தியே. அதே நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில், கள்மயக்கத்தில் இருக்கும் காபாலிகன், அதாவது மண்டையோட்டில் பிச்சையேற்கும் சைவத் துறவி ஒருவன், தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, வழியில் போன பௌத்த பிக்குவைத் திருடன் என்று பிடித்து இழுக்கிறான். பாசுபதன் என்னும் வேறொரு சைவப் பிரிவினன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில் கபாலம் ஒரு நாயின் வாயிலிருந்து பைத்தியக்காரன் ஒருவனின் கைக்கு வந்தது தெரிகிறது. ஒரு மன்னன் தன் தலைநகரத் தெருவில் சமயத்தார் அடித்துக்கொள்வதை எழுதி, ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறான். இன்று அப்படி ஒரு நாடகம் போட்டால் என்ன ஆகும் என்பதை மேடையில் இருக்கும் பெரியவர்களின் யோசனைக்கு விட்டுவிடுகிறேன்.

அரசு மாறிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும். 642ஆம் ஆண்டில் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் சாளுக்கியர்களின் தலைநகரான வாதாபியைப் பிடித்தான். பிடித்ததோடு நில்லாமல் அங்குள்ள பாறையொன்றில் தன் கல்வெட்டைப் பொறித்தான். சிதைந்த நிலையில் அது இன்றும் அங்கே இருக்கிறது. தன் ஊர்ப் பாறையில் பகைவனின் பெயரைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளைகளின் மனம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அந்தச் சாளுக்கிய மரபில் வந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சி மேல் படையெடுத்தான். அப்போது இங்கே அரசன் நந்திவர்மப் பல்லவமல்லன். அவன் அரியணைக்கு வந்ததே தனிக் கதை: முன்னரசன் வாரிசின்றி இறந்தபோது, கடிகையாரும் அமைச்சரும் நகரத்துப் பெரியோரும் கிளை மரபினனான இரணியவர்மனிடம் போய் ஒரு பிள்ளையைக் கேட்டார்கள். மூத்த பிள்ளைகள் மறுத்துவிட, பன்னிரண்டு வயதுச் சிறுவன் மட்டும் தான் போவதாகச் சொன்னான். இந்தக் காட்சிகளையெல்லாம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் வரிசையாகச் செதுக்கி, குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி வந்தவனைத்தான் சாளுக்கியன் தோற்கடித்தான். காவலன் ஓடிப்போன தலைநகரம், நூறாண்டுக் கணக்கு வைத்திருந்த பகைவன் முன்னே திறந்து கிடந்தது.

என்ன நடந்திருக்கும்? தீ வைத்திருப்பான், கோயிலை இடித்திருப்பான், பொன்னை யானைமேல் ஏற்றியிருப்பான் என்றுதானே நினைப்போம்? அவன் நகரத்தை அழிக்கவில்லை என்று சாளுக்கியச் செப்பேடு கூறுகிறது. முந்தைய பல்லவ மன்னன் இராசசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்குப் போனான். அங்கிருந்த செல்வத்தைப் பார்த்தான். அதை இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். கொடுத்த செய்தியைக் கோயில் மண்டபத் தூணொன்றில் கன்னடத்தில் பொறிக்கவும் செய்தான். பதிலுக்குப் பதில் என்றால் இப்படி இருக்க வேண்டும்! பிறகு அவன் அரசி லோகமகாதேவி, கணவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாகப் பட்டதகல்லில் ஒரு பெருங்கோயிலை எழுப்பினாள். விருபாட்சர் கோயில் என்று இன்று அதைப் பார்க்கிறோம். அந்தக் காஞ்சித் தூணில் கடைசியாக ஒரு வாசகம் உண்டு. இந்த எழுத்தை அழிப்பவர்கள், இந்நகரத்துக் கடிகையின் பெருமக்களைக் கொன்றவர்கள் போகும் கதிக்குப் போவார்கள் என்பது அதன் கருத்து. ஒரு கன்னட அரசன், எதிரியின் ஊரில், எதிரி கட்டிய கோயிலில் எழுதிவிட்டு, எழுத்தை அழிப்பதை அவ்வூர்க் கல்விமான்களைக் கொல்வதற்குச் சமமாக வைக்கிறான். அவையோர் இதை வீட்டுக்குப் போய் மறக்காமல் யோசிக்க வேண்டும்.

பல்லவர் முடிந்த கதை சுருக்கம்தான். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழன் அபராசிதனை வென்றதோடு பல்லவ அரசு முடிந்தது, யானை இறந்தது. ஆனால் விலை இறங்கியதா என்று பாருங்கள். சோழர்கள் தஞ்சையில் இருந்துகொண்டே காஞ்சியில் பொன் மாளிகை வைத்திருந்தார்கள். அங்கே இறந்ததால் சுந்தர சோழருக்குப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்றே பெயராயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஓரங்கல் (இன்றைய வாரங்கல்) காகதீய கணபதி தேவனின் கல்வெட்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்கு வந்தது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்கேரளத்து வேணாட்டு இரவிவர்ம குலசேகரன், அவ்வளவு தொலைவிலிருந்து படைநடத்தி வந்து, வேகவதிக் கரையில் முடிசூட்டிக்கொண்டு, அதை அருளாளப் பெருமாள் கோயிலில், அதாவது வரதராசர் கோயிலில், எழுதி வைத்தான். இன்று வேகவதியின் நிலையைப் பார்ப்பவருக்கு அதன் கரையில் ஒருவர் முடிசூடினார் என்றால் நம்பிக்கை வராது. அது வேறு ஒரு நாள் பேச வேண்டியது. 1509இல் கிருஷ்ணதேவராயர் ஏகாம்பரநாதருக்கு இராசகோபுரம் எழுப்பினார். இறந்த யானைக்கு ஆயிரம் பொன்னை மாற்றி மாற்றிக் கொடுத்தவர்களின் பட்டியல் இது.

சமயக் கூற்றுக்கு வருகிறேன். பௌத்தம் இங்கே ஒரே நாளில் ஒழிந்துவிட்டது என்று பேசுபவர்களுக்கு, 1365இல் இயற்றப்பட்ட ஜாவா நாட்டுக் காப்பியம் காஞ்சியில் வாழ்ந்த புத்தாதித்தர் என்ற பிக்குவைக் குறிப்பிடுவதை நினைவூட்டுகிறேன். காமாட்சியம்மன் கோயில் வளாகத்தில் கண்டெடுத்த புத்தர் சிலை சென்னை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சமணத்துக்குத் திருப்பருத்திக்குன்றத்துக் கோயில் இருக்கிறது. விசயநகரக் காலத்தில், 1387 அளவில், அமைச்சர் இருகப்பர் தம் ஆசிரியர் புட்பசேனரின் சொற்படி அங்கே சங்கீத மண்டபம் கட்டினார்; அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாற்றை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். வைணவத்துக்கு, இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும், திருக்கச்சி நம்பியைப் பணிந்ததும் இந்த ஊரில்தான். 1688இல் முகலாயப் படைக்கு அஞ்சி உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட வரதர், 1710இல் மீண்டு வந்த வரலாற்றை அக்கோயிலிலுள்ள கல்வெட்டே சொல்கிறது. அவரை மீட்டுத் தந்தவர்களில் ஒருவர் லாலா தோடர்மல் என்ற வடநாட்டார்.

கவனித்தீர்களா? நான் இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி கல்லிலும் செம்பிலும் இருந்தே வந்தது. கல்வெட்டு இல்லையென்றால் சாளுக்கியன் பெருந்தன்மையும் இல்லை, இரவிவர்மன் முடிசூட்டும் இல்லை, வரதர் திரும்பிய கதையும் இல்லை. 1886இல் சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஜெர்மானிய அறிஞர் உல்ச்சு, கைலாசநாதர் கோயில் எழுத்துகளைப் படித்து 1890இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். கடல் கடந்து வந்தவர் படித்ததை, வாசலில் கோலம் போடும் நாம் என்ன செய்கிறோம்?

திருப்பணி என்ற பெயரில் கல்லின் மேல் காற்றழுத்தத்தோடு மணலை வீசி அடிக்கிறார்கள். அழுக்கும் போகிறது, சுண்ணாம்பும் போகிறது, அத்தோடு ஒரு நூல் ஆழமுள்ள எழுத்தும் போகிறது. காஞ்சிக் கோயில்களில் பல்லவர் கையாண்டது பெரும்பாலும் மணற்கல். கருங்கல் தாங்குவதில் பாதியைக்கூட அது தாங்காது. இம்மாவட்டத்துக் கோயில் ஒன்றில், பெயர் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை, அதிட்டானம் எனும் அடித்தளத்தின் உருண்ட வரியான குமுதத்தில் இருந்த சோழர் காலத்து வரிகளை நான் விரலால் தடவிப் படித்திருக்கிறேன். குடமுழுக்குக்குப் பின் போனபோது குமுதம் வழவழவென்று இருந்தது. இன்னொரு பக்கம் தரையை உயர்த்திப் பளிங்கு ஓடு பதித்ததில் அடித்தளத்தின் கீழ்வரியான ஜகதி முழுவதும் புதைந்திருந்தது. நின்ற குருக்களைக் கேட்டேன். உபயதாரர் நல்ல மனசோடு செய்தார் சார் என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை, அதனால்தான் என் கவலை அதிகம். படையெடுத்து வந்தவன் அஞ்சிய வேலையைப் பக்தியோடு நாமே செய்கிறோம். யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது தந்தம் இருக்கும்வரைதான், ஐயா.

மூன்றாவது கூறாகத் தறியைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் செப்பேடு கச்சிப்பேட்டு நெசவாளர் சேரிகளைப் பற்றித் தரும் செய்திகளே ஒரு மாலைக்குப் போதும். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. ஆகவே அதை விடுத்து, நம் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன்.

எந்தக் கோயிலிலும் திருப்பணி தொடங்கும் முன்பு அங்குள்ள எல்லாக் கல்வெட்டுகளுக்கும் மைப்படி எடுக்கப்பட வேண்டும். மணல் வீச்சு எங்கும் கூடாது. எழுத்துள்ள அதிட்டானத்தை மூடித் தரை போடக் கூடாது. மைப்படி எடுப்பது பெரிய வித்தையன்று. கல்லைத் தூரிகையாலும் தண்ணீராலும் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் தட்டி, சற்று உலர்ந்ததும் மைப்பொதியால் ஒற்றி எடுத்தால், கருப்புத் தாளில் எழுத்து வெள்ளையாகத் துலங்கும். தொல்லியல் துறையின் இசைவு பெற்று, ஓய்வுபெற்ற கல்வெட்டறிஞர் ஒருவர் நம் இளைஞர்களுக்கு இதைக் கற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். விண்ணப்பம் வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. அறநிலையத் துறைக்கு ஒரு படியும் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு படியும் போகிறது. கையொப்பத்தோடு உங்கள் தெருக்கோயிலின் பெயரையும், அங்கே எழுத்துள்ள கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.