மணிச்சத்தை மேலே அனுப்பச் சொல்வது யார்? வேரா, இலையா?

[திரையில்: திருவாடானைப் பக்கம் ஒரு நெல் வயல். புழுதியில் விதைத்து, மழை பிடித்து, பயிர் ஒரு சாண் வளர்ந்திருக்கிறது.]

வணக்கம். இந்தப் பயிரைப் பாருங்கள். சுற்றியுள்ளவை தூர் கட்டிவிட்டன. இது மட்டும் ஒல்லியாக விறைத்து நிற்கிறது. ஆனால் இலையில் மஞ்சள் இல்லை. வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக இருக்கிறது. அந்தப் பச்சையைப் பார்த்து "பயிருக்கு ஒன்றுமில்லை" என்று நகர்ந்துவிடுவோம். கொஞ்சம் குனிந்து அடி இலையைப் பாருங்கள். நுனியிலிருந்து செவ்வூதா நிறம் ஏறுகிறது. குருத்து மட்டும் தெளிவாக இருக்கிறது. மணிச்சத்து, அதாவது பாஸ்பேட், போதாத நெல் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும்.

குருத்தை விட்டுவிட்டு அடி இலை ஏன் முதலில் வாடுகிறது? அதற்குப் பதில் செடிக்குள் நடக்கும் ஒரு பெரிய ஏற்பாட்டில் இருக்கிறது. முதலில் மண்ணைப் பார்த்துவிடுவோம்.

[திரையில்: மண்டபம் கடற்கரை மணல், அருகில் எடுத்த காட்சி. சிப்பித் துண்டுகள்.]

மண்டபம், இராமேசுவரம் பக்கம் மணலில் சிப்பியும் பவளத் துணுக்கும் கலந்து கிடக்கின்றன. எல்லாம் சுண்ணாம்பு. உள்ளே கமுதி, முதுகுளத்தூர் என்று போனால் கரிசலில் சுக்கான் கல்; அதுவும் சுண்ணாம்புதான். பாஸ்பேட் சுண்ணாம்பைக் கண்டால் அதோடு சேர்ந்து இறுகிவிடும். மண்ணில் மணிச்சத்து இருந்தும், வேர் எடுக்கும்படி நீரில் கரைந்திருப்பது மிகக் கொஞ்சம். கரைந்ததும் வேகமாக நகராது. வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காலியானால், அடுத்தது வந்து சேர நாளாகும். மண் காய்ந்திருந்தால் இன்னும் தாமதம். சூப்பர் பாஸ்பேட்டை அடியுரமாக, வேர் இறங்கும் இடத்திலேயே போடச் சொல்வது இதனால்தான்.

[திரையில்: முண்டு மிளகாய் நாற்று. மண்ணோடு தோண்டி எடுத்து, மெதுவாக உதறுகிறோம்.]

உதறிய பிறகும் வேரில் ஒரு மண் உறை ஒட்டியிருக்கிறது, பாருங்கள். அதைப் பிடித்து வைத்திருப்பவை வேர்த்தூவிகள். சத்து தன்னிடம் வராததால், வேர் தூவியை நீட்டி அதனிடம் போகிறது. தூவியின் சவ்வில் பிஹெச்டி-1 என்ற கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. வேர்ச் செல்லுக்குள் பாஸ்பேட்டின் செறிவு வெளியில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு வரை கூடுதல். அதனால் அது தானாக உள்ளே போகாது. செல் முதலில் ஆற்றலைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அவை திரும்ப உள்ளே வரும்போது பாஸ்பேட்டையும் கூட்டி வருகின்றன.

சரி, வேருக்குள் வந்தாயிற்று. இனி மேலே போக வேண்டும்.

வேரின் நடுவில் சைலம் குழாய் இருக்கிறது. நீரோடு சத்து மேலே ஏறும் பாதை அதுதான். செல்லிலிருந்து பாஸ்பேட்டை அந்தக் குழாய்க்குள் விடும் புரதத்தின் பெயர் பிஹெச்ஓ-1. கண்மாய்க்கு மடை எப்படியோ, வேருக்கு இது அப்படி. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், இந்த மடை பழுதான ஒரு வகையை 1991-ல் விவரித்தார்கள். அதன் வேரில் பாஸ்பேட் இருந்தது. இலையோ பட்டினி கிடந்தது.

அப்புறம் நேர்மாறான செடியும் கிடைத்தது. இலையில் அளவுக்கு மீறிப் பாஸ்பேட் சேர்ந்து, அதுவே நஞ்சாகும் செடி. அதில் பழுதானது பிஹெச்ஓ-2 என்ற இன்னொரு புரதம். கடத்திப் புரதங்களையும் மடைப் புரதத்தையும் அழிவுக்கு அனுப்பி, வரத்தைக் குறைத்து வைப்பது இதன் வேலை.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வேரில் இருக்கும் பிஹெச்ஓ-2-க்கு, இலையில் பற்றாக்குறை என்று எப்படித் தெரியும்? ஆய்வாளர்கள் ஒட்டுக்கட்டிப் பார்த்தார்கள். ஒரு செடியின் தண்டு, இன்னொரு செடியின் வேர். பட்டினி கிடக்கும் இலை, 21 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்என்ஏ 399 என்ற சிறு மூலக்கூறை உண்டாக்குகிறது. அது, இலை தயாரித்த உணவைக் கொண்டுபோகும் ஃபுளோயம் குழாய் வழியே கீழே இறங்கி, வேரில் பிஹெச்ஓ-2-ஐச் செய்வதற்கான குறிப்பாக இருக்கும் ஆர்என்ஏவை வெட்டிவிடுகிறது. பிஹெச்ஓ-2 குறைகிறது, மடைகள் நிலைக்கின்றன, பாஸ்பேட் மேலே ஏறுகிறது. 2008-ல் இது உறுதியானது. கண்ணும் காதும் இல்லாத ஒரு செடி, உச்சியில் உள்ள குறையை அடிவேருக்கு இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது!

இந்த உத்தரவு எல்லை மீறாமலிருக்கவும் ஏற்பாடு உண்டு. அதே பட்டினியின்போது ஐபிஎஸ்-1 என்ற வேறொரு ஆர்என்ஏ உண்டாகி, 399-ஐத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் வெட்டு ஓரளவோடு நிற்கிறது.

[திரையில்: மறுபடி நெல் பயிர். அடி இலையிலிருந்து குருத்துக்குப் போகும் அம்புக்குறி.]

இப்போது அடி இலைக்கு வருவோம். சத்து தாராளமாக இருக்கும் நாளில், செல்கள் பாஸ்பேட்டின் பெரும்பகுதியை வாக்குவோல் என்ற உட்பையில் சேமிக்கின்றன. தட்டுப்பாடு வந்தால் அந்தச் சேமிப்பை எடுக்கின்றன. அதுவும் போதாவிட்டால், வயதான இலை தன்னிடம் உள்ளதைப் பிரித்து, ஃபுளோயம் வழியே குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. கொடுத்த இலை பழுக்கிறது, வாங்கிய குருத்து தெளிவாக நிற்கிறது. மணிச்சத்துக் குறையைக் குருத்தில் தேடினால் நாள் கடந்துவிடும்.

ஃபுளோயம் இப்படி இலையிலிருந்து மற்ற பாகங்களுக்குக் கொண்டுபோவதால்தான் உளுந்துக்குப் பூக்கும் பருவத்தில் மணிச்சத்து உரமான டிஏபியின் 2 சதவீதக் கரைசலை இலைமேல் தெளிக்கச் சொல்கிறார்கள். இலை உறிஞ்சியது பூவுக்கும் காய்க்கும் போகும். ஆனால் அது அடியுரத்துக்கு ஈடாகாது. தூர் கட்டும் வயதில் வேருக்குக் கிடைக்காமல் போன மணிச்சத்தைப் பின்னால் தெளித்து ஈடுகட்டுவது கடினம்.

நெல்லில் கடைசி ஓட்டம் கதிருக்கு. தண்டின் கணுக்களில் உள்ள கடத்திகள் பாஸ்பேட்டை மணி பக்கம் திருப்புகின்றன. அங்கே அதில் பாதிக்கு மேல் ஃபைட்டேட் என்ற சேமிப்பு வடிவத்துக்கு மாறுகிறது. அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோகும் நெல்லோடு, பயிர் எடுத்த மணிச்சத்தின் பெரும்பகுதி வயலைவிட்டுப் போய்விடுகிறது. வைக்கோலை மடக்கி உழுதாலும் திரும்ப வருவது மிச்சம் மட்டுமே. அடுத்த புரட்டாசியில் புழுதி ஓட்டும்போது, எருவோடும் சூப்பரோடும் நாம் திரும்பக் கொடுக்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.