நாய்க்கு வயிறு சரியில்லையா?

வணக்கம், வானொலி நேயர்களே. மிருக வைத்தியரான என்னிடம் நாயைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "மலம் எப்படிப் போகிறது?" என்றுதான். சிரிப்பார்கள். "அதையெல்லாம் யாரு டொக்டர் பாக்குறது?" என்பார்கள். கட்டிப்போடாத நாய் தேயிலைக்குள் போய்விட்டு வருகிறது, உண்மைதான். இருந்தாலும் பாருங்கள்.

ஒரு முறை ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நாயைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். தீபாவளி முடிந்து மூன்று நாள். ஓயாத வாந்தி; குடித்த தண்ணீரும் தங்கவில்லை. ஆட்டெலும்பு மாட்டியிருக்கிறது என்று அப்பாவுக்கு ஒரே உறுதி. அம்மா காய்ச்சலுக்குப் போடும் பனடோல் (பரசிட்டமோல்) பாதி வேறு கொடுத்திருந்தார். மலம் போனதா என்றேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கூட வந்த சின்னப் பிள்ளைதான், "தீவாளிக்கு மறுநாள்ல இருந்து போகல டொக்டர், சும்மா முக்கிக்கிட்டே நிக்குது" என்றாள். வயிற்றைத் தடவினேன், கையில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. உடனே பேராதனை மிருக வைத்தியசாலைக்கு அனுப்பினேன். அறுத்துப் பார்த்தால் எலும்பு இல்லை. மீன் குழம்புச் சோறு கட்டிய லஞ்ச் ஷீட் என்ற பொலித்தீன் தாள், கயிறாக முறுக்கிக் கிடந்ததாம். நாய் பிழைத்தது. அன்றிலிருந்து வீட்டில் பிள்ளை இருந்தால் பிள்ளையிடம்தான் கேட்கிறேன்.

பனடோல் என்றேனே, அது வேண்டாம். நாயின் ஈரலைக் கெடுக்கும். முக்குகிறது என்று விளக்கெண்ணெயும் ஊற்றாதீர்கள். வயிற்றால் போகும்போதும் நாய் முக்கத்தான் செய்யும்.

வளர்ந்த நாய், இரண்டு தடவை இளகிப் போயிருக்கிறது, வாலை ஆட்டுகிறது, தண்ணீர் குடிக்கிறது. சரி, ஒரு நாள் பாருங்கள். வெறும் சோறும் அவித்த கோழியும், தோலும் எலும்பும் நீக்கி, கொஞ்சம் கொஞ்சமாக. ரொட்டியும் சம்பலும் வேண்டாம். சம்பலில் இருக்கும் வெங்காயம் நாயின் இரத்தத்துக்கே ஆகாது.

ஆனால் தண்ணீரே தங்கவில்லை, இரத்தம் போகிறது, மலம் தார் மாதிரி கறுத்திருக்கிறது என்றால் நாள் பார்க்காதீர்கள். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். சட்டென்று படியவில்லையென்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. அல்சேஷன் மாதிரி நெஞ்சு பெருத்த நாய் வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வராமல் தவித்தால், இரைப்பை முறுக்கியிருக்கலாம். விடியட்டும் என்று இருக்கவே கூடாது.

இன்னொன்று. எச்சில் ஒழுகி விழுங்க முடியாமல் நிற்கும் நாயின் வாய்க்குள் எலும்பு தேடிக் கையை விடாதீர்கள். அது விசராகவும், அதாவது வெறிநாய் நோயாகவும், இருக்கலாம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். குட்டிகளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருந்தேன். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் வாந்தியும் நாற்றமடிக்கும் இரத்தப்பேதியும். குட்டிக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். இதற்கான முதல் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதுக்குள், அப்புறம் 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வார வயது வரை. ஒரு குட்டி இதில் செத்த வாசலில் ஊசி போடாத புதுக்குட்டியை விடாதீர்கள், கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பூச்சி மருந்தைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.