மூணு எழுத்துல மாறிக்கிட்டே வர்ற பார்வோ

வணக்கம் நேயர்களே. குட்டி நாய் வளக்குறவங்க பார்வோங்கிற வைரஸ் நோய் பேரைக் கேட்டாலே பதறிடுவாங்க. வாந்தி, ரத்தப்பேதி, கிட்ட போனாலே குமட்டுற நாத்தம், ரெண்டு மூணு நாள்ல துவண்டுடும். இது காலங்காலமா நாய்க்கு வர்ற நோய்னுதான் பல பேரு நினைக்கிறாங்க, ஆனா 1978 வாக்குலதான் இது வெளிய தெரிஞ்சுது, ரெண்டே வருஷத்துல உலகம் பூரா பரவிடுச்சு, நம்ம மெட்ராஸ்ல இருந்தே 1982-ல ரிப்போர்ட் வந்திருக்கு.

எங்கருந்துடா வந்துச்சுன்னு பாத்தப்போ, கார்னெல் யுனிவர்சிட்டியில காலின் பாரிஷ் மாதிரி ஆராய்ச்சியாளருங்க இந்த வைரஸோட ஜீனை பூனைக்கு வர்ற பான்லூகோபீனியா வைரஸோட ஜீன் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்! வைரஸோட மேல்கூடா இருக்குற விபி2 புரதத்துல விரல் விட்டு எண்ணிடலாம், அத்தனை இடம்தான் வேற. ஆனா அந்த கொஞ்சூண்டு மாத்தமே போதுமா இருந்துச்சு, நாயோட செல்லு மேல வாசக்கதவு மாதிரி இருக்குற டிரான்ஸ்ஃபெரின் ரிசப்டரைப் பிடிச்சு உள்ள போயிடுச்சு, உள்ள போனா வேகமா பெருகுற செல்லாப் பாத்துதான் அழிக்கும், குடல் உள்சுவரும் எலும்பு மஜ்ஜையும் மாட்டுறது அதனாலதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த விபி2 புரதத்துல 426-ஆவது இடம்தாங்க. இந்த வைரஸோட மொத்த ஜீனே ஐயாயிரத்து சொச்சம் டிஎன்ஏ எழுத்து. அதுல இந்த இடத்துல வர்ற ஒரு அமினோ அமிலத்துக்கான, அதாவது புரதத்தோட ஒரு கண்ணிக்கான மூணு எழுத்தை வச்சுதான் பார்வோவை வகை பிரிக்கிறாங்க: ஏ-ஏ-டின்னு இருந்தா 2ஏ வகை, ஜி-ஏ-டின்னு ஆனா 2பி, ஜி-ஏ-ஏன்னு ஆனா 2சி. 2சி முதல்ல கண்டுபிடிச்சது இத்தாலியில, 2000-ல, இப்போ இந்தியாவுலயும் இருக்கு. டிஎன்ஏ வைரஸ் மெதுவாதான் மாறும்னு படிச்சிருப்போம், இது டிஎன்ஏ வைரஸா இருந்தும், சீக்கிரமா மாறுற ஆர்என்ஏ வைரஸ் வேகத்துக்கு மாறுது.

உடனே "2சி வந்துடுச்சு, பழைய ஊசியெல்லாம் வேஸ்ட்"னு வாட்ஸ்அப்ல சுத்த விடுறாங்க. அது தப்புங்க. இப்ப இருக்குற ஊசி 2சி-யையும் தடுக்குதுன்னு ஆராய்ச்சியில காட்டியிருக்காங்க. ஊசி போட்டும் குட்டிக்கு வருதுன்னா பெரும்பாலும் காரணம் வேற, தாய்கிட்டருந்து வந்த ஆன்டிபாடி, அதாவது நோயை எதிர்க்குற புரதம், ரத்தத்துல மிச்சம் இருந்தா அது ஊசி மருந்தையும் சேத்து அமுக்கிடும். அது எந்த வாரம் குறையும்னு குட்டிக்குக் குட்டி மாறும், அதனாலதான் 6-8 வாரத்துல ஆரம்பிச்சு 16 வாரம் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடச் சொல்றோம். ஒரு டோஸ் போட்டாச்சுன்னு தெருவுல இறக்கி விட்டுடாதீங்க, ப்ளீஸ்.

இன்னொண்ணு, 1970-கள் நடுவுல ஐரோப்பாவுல எடுத்து ஃப்ரீசர்ல போட்டு வச்ச நாய் சீரம்ல, அதாவது ரத்தத்துலருந்து பிரிச்ச தெளிஞ்ச நீர்ல, பார்வோவோட ஆன்டிபாடி இருந்துச்சு, அதை வச்சுதான் நோய் தெரியுறதுக்கு முன்னாடியே வைரஸ் சுத்திக்கிட்டு இருந்துச்சுன்னு புரிஞ்சுது. எடுத்து வைக்கிற சாம்பிள் இப்படித்தான் உதவும், அதனால உங்க டாக்டர் பேதியாகுற குட்டிக்கு ஆசனவாயில பஞ்சுக் குச்சியால ஒரு ஸ்வாப் எடுத்து லேபுக்கு அனுப்பட்டுமான்னு கேட்டா சரின்னு சொல்லுங்க, சில நொடி வேலைதான், நம்ம ஊர்ல இப்ப எந்த வகை சுத்துதுன்னு அதை வச்சுதான் சொல்ல முடியும்.