தீர விசாரித்த வக்கீல்

அவைத் தலைவர் அவர்களே, வழக்கறிஞர் சங்கத் தலைவர், செயலாளர் அவர்களே, உடல்நிலையையும் பார்க்காமல் வந்திருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, புதிதாகக் கறுப்பு கோட்டு மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். ஐயாவின் கோர்ட்டில் ஜூனியராக வாய்தா வாங்கி நின்றவன் நான். இன்று அவர் முன்னால் பேசக் கிடைத்தது என் பாக்கியம்.

அமெரிக்க வக்கீல் கிளாரன்ஸ் டாரோவைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். தொழிலாளர்களுக்காக வாதாடியது, குறுக்கு விசாரணை செய்த விதம், தூக்குத் தண்டனையை எதிர்த்தது. ரயில்வே கம்பெனி வக்கீலாக இருந்தவர், 1894-ல் புல்மன் என்ற ரயில் பெட்டிக் கம்பெனியின் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தின்போது அந்த வேலையை உதறிவிட்டுத் தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்காக வாதாடப் போனார். சரி, அடுத்ததுக்கு வருகிறேன்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய். எந்த மேடையிலும் நான் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. 1925-ல் டெட்ராய்ட் நகரில் ஒஸ்ஸியன் ஸ்வீட் என்ற கறுப்பின டாக்டர், வெள்ளையர் தெருவில் வீடு வாங்கினார். கூட்டம் திரண்டது, கல் பறந்தது. வீட்டுக்குள்ளிருந்து சுட்டதில் வெளியே ஒருவர் செத்தார். உள்ளே இருந்த பதினோரு பேர் மீதும் கொலை வழக்கு. தற்காப்புக்காகச் சுட்டார்கள் என்று அவர்களுக்காக வாதாடியவர் டாரோ. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த பொதுமக்கள் குழு, அதாவது ஜூரி, முழுக்க வெள்ளையர். கூட்டமே இல்லை என்றால் தற்காப்பும் இல்லை, இல்லையா? அரசுத் தரப்பு சாட்சிகள் வரிசையாக வந்து, கூட்டமா, அங்கே ஏது கூட்டம் என்றார்கள். ஒரு பையன் கூண்டேறினான். "பெரிய கூட்டம்..." என்று ஆரம்பித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு கூட்டத்தைச் சுருக்கினான். கடைசியில் "கொஞ்சம் பேர்" என்றான். டாரோ எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. போலீஸ்காரரிடம் முன்னாலேயே பேசினாயா என்று கேட்டார். பேசியிருந்தான். பதில் சொல்ல ஆரம்பித்தபோது 'கொஞ்சம் பேர்' என்று சொல்ல மறந்துவிட்டாய், அப்படித்தானே என்றார். பையன் ஆமாம் என்று சொல்லிவிட்டான்! அந்த விசாரணையில் ஜூரிக்குள் ஒத்த முடிவு வரவில்லை. 1926-ல் டாக்டரின் தம்பியைத் தனியாக விசாரித்தபோது விடுதலை. அப்புறம் மற்றவர்கள் மேல் இருந்த வழக்கும் கைவிடப்பட்டது.

தம்பிகளே, சொல்லிக்கொடுத்த சாட்சி நம் ஊருக்குப் புதுசா? தீர விசாரிப்பதே மெய். ஆனால் தீர விசாரித்த பிறகும் மனிதன் தவறுவான். தூக்கில் போட்டபின் மறுவிசாரணை யாருக்கு? 1924-ல் சிகாகோவில் ஒரு சிறுவனைக் கொன்ற லியோபோல்ட், லோப் என்ற இரு பணக்கார இளைஞர்களுக்காக டாரோ வாதாடினார். குற்றத்தை ஒப்புக்கொள்ளவைத்து, உயிரை மட்டும் கேட்டார். நீதிபதி கொடுத்தார். லியோபோல்ட் 1958-ல் வெளியே வந்து, போர்ட்டோ ரிக்கோவில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார்.

'அரிதினும் அரிதான' வழக்கில் மட்டும்தான் தூக்கு என்று 1980-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அரிதும் வேண்டாம் என்கிறேன் நான். தூக்குத் தண்டனையை ஒழிக்கக் கோரும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. ஐயா முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறேன்.